மரியாதையா மறுப்பது எப்படி

எங்க அண்ணன் பிடிச்ச முயலுக்கு எப்பவும் மூணே கால்தான். நான் இங்கிலீஷ் டீச்சராகப் போறேன்னு சொன்ன அன்னைக்கு, "இங்கிலீஷ் தெரியாதவனுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கிறதெல்லாம் ஒரு பொழப்பா?"ன்னு கேட்டான். தெரிஞ்சவனுக்குச் சொல்லிக் குடுக்க நான் எதுக்குன்னு கேட்டேன். ரெண்டு நாள் என்கூடப் பேசலை. நிம்மதியா இருந்துச்சு.

அப்பா போனதுக்கப்புறம் நானும் அம்மாவும் அவன் வீட்டிலதான் இருக்கோம். அதனால எனக்கும் சேர்த்து அவனே பேசுவான். "என்னம்மா பண்ணப் போறே?"ன்னு யாராவது என்னைக் கேட்டா, நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள, "எங்க இன்சூரன்ஸ் ஆபீஸ்ல சேரப் போறா"ம்பான். மேனேஜரைக் காக்கா பிடிச்சு எனக்கு அந்த வேலையை வாங்கி வச்சிருந்தான். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ள நான் கையெழுத்துப் போடணுமாம். அதே வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, டீச்சர் பயிற்சியில நான் பாடம் நடத்திக் காட்ட வேண்டிய கடைசி வகுப்பு. அதில தேறினா அங்கேயே வேலை குடுக்கிறதாச் சொல்லியிருந்தாங்க. ஆபீசுக்கு வரமாட்டேன்னு அவன்கிட்ட நாலு தடவை சொன்னேன். நாலு தடவையும் கத்தித்தான் சொன்னேன். பொம்பளை கத்தினா அவனுக்குக் காது கேட்காது.

வகுப்பு ஒரு செருப்புக் கடைக்கு மேல, மாடியில. ரெண்டு லாரி டிரைவர், ஒரு தையல்காரர், ஆஸ்பத்திரியில துப்புரவு வேலை பார்க்கிற ஒரு அம்மா, இன்னும் மூணு பேருன்னு மொத்தம் ஏழு பேர். ஆளுக்கொரு பாஷை. அதனால அறைக்குள்ள இங்கிலீஷ் மட்டும்தான் பேசணும். கடைசி பெஞ்சில மார்க் போடுற மேடம், மடியில தாளோட. அவங்களுக்கும் தமிழ் தெரியாது. அன்னைக்கு எனக்கு அவங்க குடுத்த பாடம், மரியாதையா மறுப்பது எப்படி. வேணும்னேதான் குடுத்தாங்க. முந்தின ரெண்டு வகுப்பிலயும் நான் எரிஞ்சு விழுந்தேன்னு எழுதி வச்ச மகராசி அவங்க.

"ஞாயித்துக்கிழமையும் வேலைக்கு வான்னு சூப்பர்வைசர் கூப்பிடறார். நீங்க என்ன சொல்லுவீங்க?"ன்னு ஆஸ்பத்திரி அம்மாவைக் கேட்டேன்.

"சரி சார்"னாங்க.

போர்டில நான் எழுதியிருந்த பதிலைக் காட்டி மறுபடி கேட்டேன். மறுபடியும் "சரி சார்". நிஜத்திலயும் அவங்க அதைத்தான் சொல்றாங்க, வருஷக்கணக்கா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறேன், கதவைத் திறந்துக்கிட்டு அண்ணன் உள்ள வர்றான். கையில வேலை உத்தரவு.

"கீழே கார்ல மேனேஜர் காத்துக்கிட்டிருக்கார். கையெழுத்தைப் போடு"ன்னான். மேடத்தைப் பார்த்ததும் அவனுக்கு ஆபீஸ் இங்கிலீஷ் வந்துடுச்சு. அதுக்கப்புறம் எல்லாம் அதிலதான்.

கத்தினா என் வகுப்பு போச்சு. கையெழுத்துப் போட்டா நானே போயிட்டேன். வேற வழி தெரியாம போர்டைப் பார்த்தே படிச்சேன். "கேட்டதுக்கு நன்றி. மன்னிக்கணும், என்னால வர முடியாது."

"விளையாடாதே."

"மன்னிக்கணும், என்னால வர முடியாது."

"எட்டு வருஷமா சோறு போடறேன்."

"தெரியும். அதுக்கும் நன்றி. என்னால வர முடியாது."

அறையில பேனா ஓடற சத்தம். திரும்பிப் பார்த்தா ஏழு பேரும் குனிஞ்சு நோட்டில எழுதிக்கிட்டிருக்காங்க. போன வாரம் கடைக்காரர், வாடிக்கைக்காரர்னு நடிச்சுக் காட்டியிருந்தேன். இதையும் அப்படி நினைச்சுட்டாங்க பாவிங்க.

அண்ணன் முன் பெஞ்சு பக்கம் திரும்பினான். "நீங்க பெரியவங்க. இவளுக்கு நீங்களாவது நல்ல பதிலாச் சொல்லிக் குடுங்க"ன்னான்.

அங்கே உட்கார்ந்திருந்த ஆஸ்பத்திரி அம்மா எழுந்து நின்னாங்க. தன் முறை வந்துடுச்சுன்னு நினைச்சிருக்கணும். அவன் முகத்தை நேராப் பார்த்து ஒவ்வொரு சொல்லா எடுத்து வச்சாங்க. "கேட்டதுக்கு நன்றி. மன்னிக்கணும் சார். என்னால வர முடியாது."

மத்த ஆறு பேரும் கை தட்டினாங்க. தையல்காரர் விசிலே அடிச்சுட்டார்.

எங்க அண்ணன் முகம் அப்படிச் செத்து நான் பார்த்ததில்லை. அவனை எனக்குப் பிடிக்காது, ஆனாலும் கை தட்டினவங்களைப் போதும்னு கையமர்த்தினேன். கிட்ட வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி தமிழ்ல சொன்னான். "உன்னைத் தலைமுழுகியாச்சு. துணிமணி வாசல்ல இருக்கும், எடுத்துக்கோ. அம்மாவைப் பார்க்கிறேன்னு படியேறி வந்துடாதே."

வெளியே போய்க் கதவை மெதுவாத்தான் சாத்தினான். இன்னும் பத்து நிமிஷப் பாடம் பாக்கி இருந்துச்சு. எப்படி முடிச்சேன்னு எனக்கே தெரியாது.

எல்லாரும் போனதுக்கப்புறம் மேடம் தாளை நீட்டினாங்க. தேறிட்டேன். முதல் தடவையா அவங்க என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க.

"அந்த ஆளை எங்கே பிடிச்சீங்க? நிஜமாவே கோபம் வந்த மாதிரி நடிச்சார். அடுத்த வகுப்புக்கும் கூட்டிட்டு வர முடியுமா?"

"அவர் எங்க அண்ணன்"னு சொன்னேன். "இனிமே வர மாட்டார்."