இடப்பக்கம் நகரும் எழுத்து

வெள்ளிக்கிழமை மதியம், தொழுகை முடிந்து வந்த ஜெய்லானி வாசல் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அடுத்த வீட்டுக்காரர், காகித வியாபாரி. ஜன்னலை ஒட்டிய மேஜையில் தேவமணி, முன்னால் ஏர்மெயில் தாளும் நோட்டும். கட்டிலில் அவள் கணவன் இன்பராஜ், சுவரைப் பார்த்தபடி, வலது கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு. திருத்தங்கல் வீட்டில் அன்று இருந்தது இந்த மூன்று பேர்தான். ஆனால் கடிதம் எழுதும் நாளில் நாலாவது ஆளாகச் சிம்ஹாவும் எங்கேயோ வந்து உட்கார்ந்திருப்பது போலத்தான் தேவமணிக்குத் தோன்றும்.

சிம்ஹா கொச்சியில் பிறந்த யூதப் பெண். மதுரையில் தேவமணியோடு நர்ஸ் படிப்பு படித்தவள். ஐம்பத்து நாலில் குடும்பத்தோடு இஸ்ரேலுக்குப் போய்விட்டாள். ஜெபத்தில் மட்டும் தெரிந்திருந்த எபிரேயத்தை அங்கே கடைத்தெருவில் பேசுவதற்குப் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. படித்ததை யாருக்காவது சொல்லிக்கொடுத்தால்தான் மண்டையில் நிற்கும் என்று கடிதத்துக்கு ஐந்து சொல்லாக அனுப்புவாள். சொல், பொருள், அது பிறந்த இடம். பென்சில் இப்பரோன், ஈயத்துக்கான பழைய சொல்லான ஓஃபெரெத்திலிருந்து வந்தது. ரயில் ரக்கேவெத்; வேதாகமத்து ரதத்தின் வழி வந்தது. செய்தித்தாள் இத்தோன், காலத்தைச் சொல்லும் ஏத்திலிருந்து. அடுத்த கடிதத்தில் அந்த ஐந்தையும் எபிரேய எழுத்தில் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது இருவருக்கும் உள்ள ஏற்பாடு.

அந்த எழுத்துகளை எழுதுவது இன்பராஜ். சிவகாசியில் ஒரு லித்தோ அச்சகத்தில் தீப்பெட்டி லேபிள்களுக்குக் கல்லில் எழுதுகிற ஆர்ட்டிஸ்ட். கல்லில் இடவலம் மாற்றி எழுதினால்தான் தாளில் நேராக விழும். ஆகவே எபிரேயத்தைப் போல வலமிருந்து இடமாகப் போவது அவனுக்குப் பதினைந்து வருஷப் பழக்கம். முதல் கடிதம் வந்தபோது எபிரேயத்தையும் கல்லெழுத்து என்றே நினைத்து, சவரக் கண்ணாடியில் பார்த்து, அதை நேராக்கி எழுதிக் கொடுத்துவிட்டான். ஆஸ்பத்திரிக் கண்ணாடி முன்னால் தாளைப் பிடித்து வாசித்தேன் என்று சிம்ஹா பதில் போட்டாள். அந்தக் கதையை ஜெய்லானி திருத்தங்கல் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டு, சரக்கெடுக்கப் போன விருதுநகரிலும் சொன்னார்.

போன புரட்டாசியில், விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கொட்டகைக்கு லேபிள் மாதிரி காட்டப் போன இடத்தில் வெடிமருந்து தீப்பிடித்துக்கொண்டது. உயிர் தப்பியது. வலது கையில் மூன்று விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. கடைசிக் கட்டைப் பிரித்தவள் தேவமணிதான். அதன் பிறகு அவன் இடது கையால் தமிழ் எழுதிப் பார்த்தான். பேனா தாளைக் குத்திக்கொண்டு நின்றது. எழுதிய ஈரத்தின் மேலேயே உள்ளங்கை ஏறி எல்லாவற்றையும் இழுகியது. தாளைக் கிழித்துப் போட்டவன் அப்புறம் பேனாவைத் தொடவில்லை. கல்லைப் பற்றிய பேச்சும் அதோடு நின்றது. அச்சக முதலாளி ரத்தினசாமி, தை மாதம் முடியும் வரை அவன் முக்காலியில் வேறு ஆளை உட்காரவைக்க மாட்டேன் என்று சொல்லியனுப்பியிருந்தார். தை பிறந்து இருபது நாளாகிவிட்டது.

தேவமணியும் நாலு மாதமாகச் சிம்ஹாவுக்கு எழுதவில்லை. ஏன் பதில் இல்லை என்று இரண்டாவது கடிதமும் வந்த பிறகுதான் உட்கார்ந்தாள். எதையும் எண் போட்டு எழுதுகிறவள் அவள். ஒன்று, வந்த கடிதங்களின் தேதி. இரண்டு, சுக விசாரிப்பு. மூன்று, ஐந்து சொற்கள். மூன்றை இந்தத் தடவை தானே எழுதிவிடுவது என்று தீர்மானித்திருந்தாள்.

முதல் சொல் கஃப்ரூர், தீக்குச்சி. கந்தகத்தைச் சொல்லும் கோஃப்ரித்திலிருந்து வந்ததாம். வேதாகமத்தில் சோதோம் நகரத்தின் மேல் பெய்த அதே கந்தகம். அவள் வாசித்ததைக் கேட்டு ஜெய்லானி நிமிர்ந்தார்.

"எங்க அத்தா ஹஜ்ஜுக்குப் போனப்ப அங்கன தீப்பெட்டிய கிப்ரீத்துன்னு கேட்டுத்தான் வாங்குனாராம், சிஸ்டர். அதுவும் கந்தகந்தான். ஊரு ஊரா பேர மாத்திக்கிட்டுத் திரியுது."

தேவமணி சிம்ஹாவின் கடிதத்தைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக வரைந்தாள். ஜெய்லானி எட்டிப் பார்த்தார்.

"இது என்ன எழுத்தா, கறிக்கடைக் கொக்கியா? இத அந்தம்மா கண்ணாடியில பாத்தாலும் வெளங்காது, கெணத்துல பாத்தாலும் வெளங்காது."

இன்பராஜ் தலையைத் திருப்பினான். எழுந்து வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றான்.

"கடைசி எழுத்து ரேஷ், அத அப்படி ஒடிக்கக் கூடாது. வளைஞ்சு எறங்கணும். இங்கன குடு."

இடது கையால் பேனாவை வாங்கினான். தேவமணி எழுத்தைப் பார்க்கவில்லை. நர்ஸ் கண்ணோடு அவன் மணிக்கட்டைத்தான் பார்த்தாள். தமிழுக்கு முறுக்கிக்கொண்டு நின்ற அந்தக் கை இப்போது முறுக்கிக்கொள்ளவில்லை. பேனாவைத் தள்ள வேண்டியிருக்கவில்லை, இழுத்தால் வந்தது. உள்ளங்கை எழுதாத வெள்ளைத் தாள் பக்கமாகவே நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு சொல் முடிந்தது. யாரும் கேட்காமலே மற்ற நாலையும் எழுதினான்.

பேனாவைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. மை ஒற்றும் தாளை இழுத்து வைத்து, அதன் ஓரத்தில் வலமிருந்து இடமாக, இடவலம் மாற்றி, 'கிளி மார்க்' என்று எழுதினான். ஜெய்லானி எழுந்து ஆணியிலிருந்த சவரக் கண்ணாடியை எடுத்து வந்து பக்கத்தில் பிடித்தார். கண்ணாடிக்குள் கிளி மார்க் நேராக நின்றது.

"சாயுது பாய்," என்றான் இன்பராஜ்.

ஜெய்லானி சட்டைப் பையிலிருந்த கிளி மார்க் தீப்பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். "இதுலயுந்தான் சாயுது. ரெண்டு கையும் நல்லாருந்தப்ப நீ போட்டது, தம்பி."

தேவமணி பேனாவுக்காகக் காத்திருந்து வாங்கி, நான்கு என்று போட்டாள். இத்தனை மாதம் எழுதாமல் வைத்திருந்ததை இரண்டே வரியில் எழுதினாள்: அவருக்குக் கையில் தீக்காயம் பட்டுவிட்டது. மேலே உள்ள ஐந்து சொற்களும் இடது கையால் எழுதியவை.

தாளை மடித்து உறையில் போட்டு, சோற்றுப் பசை தடவி ஒட்டி, அச்சகத்திலிருந்து எப்போதோ கொண்டு வந்த உடைந்த லித்தோ கல்லைத் தூக்கி அதன் மேல் வைத்தாள். பசை காய்ந்ததும் ஜெய்லானி கையை நீட்டினார். போகிற வழியில் பெட்டியில் போட்டுவிடுவதாகச் சொன்னார்.

"வேண்டாம் பாய். சிவகாசியில நானே போட்டுக்கிறேன்," என்று சொல்லிவிட்டு இன்பராஜ் சட்டையை மாட்டினான்.

பஸ் வருகிற சத்தம் கேட்டது. சிவப்பும் நீலமும் ஓரமிட்ட உறை சட்டைப் பையில் பாதி வெளியே தெரிய, அவன் தெருவில் இறங்கி நடந்தான். தேவமணி உள்ளே திரும்பினாள். கையை மூடியிருந்த துண்டு கட்டிலிலேயே கிடந்தது.