வாசலோர இடம்

எனக்கு அதுதான் வேண்டும் என்று இவனுக்கு எப்படித் தெரிந்தது?

அலுவலக மேசைத் தொலைபேசியைக் காதில் வைத்தபடி ஒடெட் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். கட்டட நிர்வாகத்திலிருந்து பேசுவதாகச் சொன்னவன், வாசலை ஒட்டி வண்டி நிறுத்தும் இடம் இந்தக் குளிர்காலம் முழுக்க அவளுக்குத்தான் என்றான். மின் பிளக் உள்ள ஒரே இடம். கனடாவில், வினிபெக்கின் ஜனவரிக் குளிரில், அந்த மாதிரி பிளக்கில் செருகிப் பகலெல்லாம் இன்ஜினுக்குச் சூடு கொடுக்காத வண்டி மாலையில் உயிர்பெறாது. நேற்று அவளுடையது பெறவில்லை. டயாலிசிஸ் முடிந்து வந்த கணவன் மார்செல் மருத்துவமனை வாசலில் துவண்டுபோய்க் காத்துக் கிடந்தான்.

"சின்ன சரிபார்ப்புதாங்க. உங்க ஃபோனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அதப் படிச்சு மட்டும் சொல்லுங்க. நாளைலேந்து வண்டிய வாசல்லயே விட்டுடலாம்."

மேசைமேல் இருந்த அவள் கைபேசியில் நம்பர் வந்திருந்தது. அலுவலகத்தின் சம்பளக் கணக்கைத் திறக்க, தினமும் காலையில் புதிதாக வந்து அவள் தட்டுகிற அதே மாதிரி நம்பர். அதற்குள் அலுவலகத்தில் எல்லாருடைய வங்கி விவரமும் இருந்தது.

"என்னை யாரு தேர்ந்தெடுத்தாங்க?"

"மேலிடம்தாங்க. இத்தனை வருஷமா வாயத் தொறந்து ஒண்ணும் கேக்காத ஆள்னு உங்களத்தான் சொன்னாங்க."

அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பிளக்கைவிட அதில்தான் சூடு அதிகம்.

எதிர் மேசையிலிருந்து டாரில் எட்டிப் பார்த்தான். "யாரு, மெக்கானிக்கா? அந்த வண்டிய மியூசியத்துக்குக் குடுத்துடுன்னு எத்தனை தடவ சொல்றது?"

அவனுடைய கம்பளித் தொப்பி மேசைமேல் கிடந்தது. குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை, சாப்பாட்டு அறையில் அந்தத் தொப்பிக்குள் சீட்டுப் போட்டுத்தான் வாசலோர இடத்தைக் குலுக்குவார்கள். முதலாளியின் பெயரும் உள்ளேதான் கிடக்கும். இங்கே எந்த மேலிடமும் யாருக்கும் அதைத் தூக்கிக் கொடுத்ததில்லை.

அது தெரிந்தும் ஏன் இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. பனி மூடிய வண்டியைப் படமெடுத்து, பிளக் உள்ள இடத்துக்கான குலுக்கலில் தன் பெயர் வந்ததே இல்லை என்று முகநூலில் புலம்பியிருந்தாள். பிளக் விஷயத்தை இவன் அங்கிருந்து எடுத்திருப்பான். ஒன்றும் கேட்காத ஆள் என்பதை எங்கிருந்து எடுத்தான்? அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

எடுக்கவே வேண்டியதில்லை என்று மெல்லப் புரிந்தது. இதையே டாரிலிடம் சொல்லியிருந்தாலும் அவனும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான். தன்னைப் பற்றி அப்படி நினைத்துக்கொள்ளாதவர் யார்?

"மேடம், நம்பர் கொஞ்ச நேரந்தான் செல்லும். விட்டா எடம் அடுத்தவங்களுக்குப் போயிடும்."

மார்செலின் நேற்றைய முகம் ஒருமுறை வந்து போனது. ஒடெட் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"போகட்டுங்க," என்றாள். "என் பேரு தொப்பிக்குள்ளயே இருக்கட்டும்."