அக்காவின் டிரெய்லர் சக்கரம்

காலையிலிருந்து குத்தவைத்து உட்கார்ந்ததில் என் இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. அக்காவின் டிரெய்லர் பேரிங்குகளைக் கழுவி, புது கிரீஸ் அடைத்து, சக்கரத்தை மாட்டியாயிற்று. நட்டை முறுக்குவதுதான் பாக்கி. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மூச்சைப் பிடித்து ஸ்பேனரால் இறுக்கினேன்.

"போதும்டா. இப்போ தளர்த்து," என்றாள் அக்கா.

"தளர்த்தினா சக்கரம் கழண்டு ஓடிரும்க்கா."

"போன வருஷம் நீ இறுக்கினது ஓடவா செஞ்சுது? நடுரோட்டுல, சக்கரத்துக்கு நடுவுல இருக்கிற ஹப்போட எரிஞ்சுது. இன்னைக்கும் சூடாச்சுன்னா நாளைக்குச் செங்கல் லோடு போச்சு. அப்புறம் நீ என் வண்டியைத் தொடவே கூடாது."

தளர்த்தினேன். பிறகு விரலால் மட்டும் திருகினேன். நட்டு கழலாமல் தடுக்கும் பின்னைச் செருகுகிற ஓட்டை நேராக வரவில்லை. கை தானாக ஸ்பேனரைத் தேடிப் போயிற்று.

"தடியா, இறுக்கி ஓட்டையைப் பிடிக்காத. பின்னால திருப்பு."

அரைக்கால் சுற்று பின்னால் திருப்பினேன். ஓட்டை வந்தது. பின்னைச் செருகி மடக்கினேன்.

அக்கா டிராக்டரில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். இறங்கியதும் ஹப்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். அவள் கையை எடுக்கவில்லை.

"லேசான சூடுதான். நாளைக்கு லோடு ஏத்தலாம்."

"அப்போ நானும் மெக்கானிக்தானே?"

"முதல்ல ஹப்பை வாங்கிக் குடுடா, மெக்கானிக்கு."

போன வருஷம் எரித்ததற்குப் பதிலாக ஒரு புது ஹப், அக்காவுக்கு நான் இன்னும் தர வேண்டும்.