நாற்பது நாள் பூட்டு

பெரிய கடை வீதியில் பூட்டு விற்கிறவன் நான். பெயர் ஜெகபர் சாதிக். சட்டம் பேசுகிறவன் என்று தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. பள்ளிவாசலில் யாராவது வரிசை பிசகி நின்றால்கூட எனக்குப் பொறுக்காது. அந்தக் குணத்தை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தைத்தான் சொல்லப் போகிறேன். பதினோரு வருஷம் ஆகிறது, இன்னும் ஆறவில்லை.

ஐம்பத்தைந்தாம் வருஷம் என் தம்பி ஹனீஃபா காச நோயில் மவுத்தாகிப் போனான். அவனுக்குப் பிள்ளை இல்லை. அத்தா, அம்மா முன்பே போய்விட்டார்கள். கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான். அவன் பெண்சாதி நஜீமா எங்கள் வீட்டிலேயே இருந்தாள். அவனுக்காக மெட்ராஸ் வரை போய் ஸ்ட்ரெப்டோமைசின் வாங்கி வந்திருந்தேன். பாலக்கரை கம்பவுண்டர் அற்புதசாமி தினமும் சைக்கிளில் வந்து ஊசி போட்டார். பாதி மருந்து தீருவதற்குள் தம்பி போய்விட்டான். சீல்கூட உடைக்காத முப்பத்திரண்டு புட்டி மிச்சம். அவையும், ஊசியைக் கொதிக்க வைக்கிற எனாமல் கிண்ணமும் அலமாரியில் அப்படியே இருந்தன.

நாலாம் நாள் அற்புதசாமி வந்து துக்கம் விசாரித்தார். எழுந்தவர் போகாமல் வாசற்படியில் நின்றார்.

"பாய், கேக்கவே கூச்சமா இருக்கு. நம்ம பிலோமிக்கும் அதே சீக்குதான். எக்ஸ்ரே படம் எடுத்துப் பாத்தாச்சு. ஆஸ்பத்திரில மருந்துக்குப் பேர் எழுதி வச்சிருக்கு, எப்ப வருமோ தெரியல. அந்தப் புட்டிங்க சும்மாதானே இருக்கு..."

பிலோமி அவருடைய ஒரே மகள். பத்தொன்பது வயது. டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தவள்.

நஜீமா இத்தாவில் இருந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வெளியே வரக்கூடாது, அந்நிய ஆண்கள் முன்னால் நிற்கக்கூடாது. உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"குடுத்துருங்க மச்சான். அந்தப் புள்ளையாவது எந்திரிக்கட்டும்."

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. இவர் கையால் ஊசி போட்டும் தம்பி போய்விட்டானே என்று ஒரு எரிச்சல். கபுரில் மண் காயவில்லை, அதற்குள் அவன் சாமானைத் தூக்கிக் கொடுப்பதா என்று இன்னொரு எரிச்சல். உண்மையைச் சொன்னால், அந்தப் புட்டிகள் அலமாரியில் இருக்கும்வரை தம்பிக்கு நாளைக்கும் ஊசி உண்டு என்று எனக்குள் ஒரு பைத்தியக்கார நினைப்பு. அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? சட்டத்தை எடுத்தேன்.

"மவுத்தானவன் சாமான் வாரிசுங்க சொத்து. பங்கு பேசாம ஒரு துரும்பு வெளியே போகக்கூடாது. நாப்பதாம் நாள் பாத்திஹா முடியட்டும். பள்ளிவாசல் ஹஜ்ரத்தை வச்சுப் பேசிட்டுத் தரேன்."

"நாப்பது நாளா பாய்?"

"மார்க்கம் அப்படிங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். சண்டை போட்டிருந்தாலாவது கொடுத்திருப்பேனோ என்னவோ. அன்றே கடையிலிருந்து நல்ல திண்டுக்கல் பூட்டாகப் பார்த்து எடுத்து வந்து அலமாரியில் போட்டேன். சாவியை இடுப்பு பெல்ட்டில் வைத்துக்கொண்டேன். "அந்தப் புள்ளைக்கு எப்படி இருக்காம் மச்சான்?" என்று நஜீமா இரண்டு முறை ஜாடையாகக் கேட்டாள். நாள் வரட்டும் என்றேன்.

நாளும் வந்தது. பாத்திஹா ஓதி, சாப்பாடும் முடிந்து ஹஜ்ரத் கை துடைத்துக்கொண்டிருந்தார். நான் பெருமையாகவே சொன்னேன்.

"ஒரு சாமானும் வெளியே போகலீங்க. கம்பவுண்டர் தன் மகளுக்குன்னு மிச்ச மருந்தைக் கேட்டாரு. பங்கு பேசாம தரக்கூடாதுன்னு பூட்டி வச்சிட்டேன்."

"வாரிசு யார் யாரு?"

"தம்பி பெண்சாதியும் நானும்தான்."

"அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"குடுக்கச் சொன்னாங்க."

"அப்ப நீங்க ஒருத்தர் சரின்னிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்குமே பாய். இதுக்கு நாப்பது நாள்னு எந்தக் கிதாபுல இருக்கு?"

வந்தவர்களை வழியனுப்பக்கூட நிற்கவில்லை. புட்டிகளை அட்டைப்பெட்டியில் அடுக்கி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு பாலக்கரைக்கு மிதித்தேன்.

அற்புதசாமி வீட்டுச் சுவரில் பிலோமி படத்துக்கு மாலை போட்டிருந்தது. கீழே ஒரு மெழுகுவர்த்தி.

"போன புதன்கிழமை பாய்," என்றார். "உங்க வீட்டுல பாத்திஹா நெருங்குதேன்னு சொல்லி அனுப்பல."

யார் யாரையோ பிடித்துக் கடைசியில் பத்து புட்டி வாங்கியிருக்கிறார். ஆறு ஊசி போட்டிருக்கிறார். அதற்குள் சீக்கு முற்றிவிட்டது. ஒரு மாதம் முன்னால் கிடைத்திருந்தால் என்று அவர் சொல்லவில்லை. நான்தான் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

பெட்டியை நீட்டினேன். எதற்கு நீட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் ஒரு புட்டியை எடுத்து வெளிச்சத்தில் தேதியைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஸ்ரீரங்கத்துல ரெங்கம்மாள்னு ஒரு அம்மாவுக்கு ஊசி போடுறேன். பிலோமியோட மிச்சத்தையும் அவங்களுக்குத்தான் குடுத்தேன். இதையும் குடுத்துடுறேன்."

"அதை எப்பக் குடுத்தீங்க?"

"அன்னிக்கேதான். அடக்கம் முடிஞ்சு கல்லறைத் தோட்டத்துலேருந்து வந்தேன், சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயிட்டேன். அவங்களுக்கு மறுநாள் ஊசி தவறக்கூடாதுல்ல."

குத்திக் காட்டுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. குத்திக் காட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்தபோது நஜீமா திரைக்குப் பின்னால் காத்திருந்தாள்.

"குடுத்துட்டீங்களா மச்சான்?"

"குடுத்துட்டேன்."

"புள்ள எப்படி இருக்கு?"

அதுவரை பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"தேவலையாம்," என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள். நாற்பது நாளில் அவள் குரலில் அன்றுதான் கொஞ்சம் தெம்பு இருந்தது. "இந்த நன்மை அவங்க கபுருக்குப் போய்ச் சேரட்டும், யா அல்லாஹ்," என்று தம்பிக்காக துஆ கேட்டாள்.

திரைக்கு இந்தப் பக்கம் நானும் கையேந்தி ஆமீன் சொன்னேன்.