உப்புக் கொடவுன்காரனுக்கு உப்புக் குறைச்சல்

கோதண்டபாணிக்கு ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியின் உப்புக் கொடவுனில் வேலை. உப்பில் ஊறி வரும் பச்சைத் தோலை விரித்து, உதறி, அடுக்க வேண்டும். பாத வெடிப்பில் உப்பு, மீசையில் உப்பு. பிரஷர் இருக்கிறது, சோற்றில் உப்பைக் குறை என்று கம்பெனி டாக்டர் சொன்னதும் அவனுக்கு ஞானம் பிறந்துவிட்டது.

"வெடிப்பு வழியாவே உள்ள ஏறுது கமலம். இனிமே கொழம்புல ஒரு கல்லு உப்பு போட்ட, பாரு!"

பெண்டாட்டி கமலம் போடவில்லை. ஏறிய உப்பைக் கழுவ அவன் தினமும் அரைக் குடம் தண்ணீரும் குடித்தான். கம்பெனி டாக்டர் கொடுத்த பிரஷர் மாத்திரை உப்பைச் சிறுநீரில் இறக்கும். கால் வீக்கத்துக்கு பஜார் டாக்டர் கொடுத்ததும் அதே வேலையைத்தான் செய்யும். அவரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. படித்தவர்களை எதற்குத் தொந்தரவு செய்வது?

ஒரு செவ்வாய்க்கிழமை பகலில், நாக்குக் குழறி, சூப்பர்வைசர் தன்சீல் அகமதுவை "மச்சான்" என்று கூப்பிட்டு, தோல் அடுக்கின் மேலேயே படுத்துவிட்டான்.

தன்சீலுக்குத் தெரிந்த நோய் ஒன்றுதான். "குடிச்சிட்டு வந்துக்கிறான்" என்று கேட்டுக்கு வெளியே கிடத்தி, வேலைப் பதிவிலிருந்து பெயரையும் வெட்டிவிட்டார்.

ஓடி வந்த கமலம் புருஷன் வாயை மோந்து பார்த்தாள். பீடி நாற்றம்கூட இல்லை.

"இன்னா சார், டீ கூட குடிக்காத மனுசன் சார் இவரு!"

"பேஜார் பண்ணாதம்மா. தண்ணி போடாதவன் சூப்பர்வைசர மச்சான்னு கூப்புடுவானா?"

நியாயமான கேள்விதான்.

வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹேமலதா ரத்தம் எடுத்துப் பார்த்தார். "ரத்தத்துல உப்பு ரொம்ப கம்மி. நூத்தி முப்பத்தஞ்சாவது இருக்கணும். நூத்திப் பதினாறுதான் இருக்கு. இன்னும் விட்டிருந்தா வலிப்பு வந்திருக்கும்."

கமலத்துக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் அழுகை. "ஒரு கைப்பிடி கரைச்சு ஊத்திடட்டா மேடம்?"

"ஐயோ, வேணாம்மா! படக்குன்னு ஏத்துனா மூளைக்கு ஆகாது. மெதுவாத்தான்." கமலம் கொண்டு வந்திருந்த மாத்திரைப் பையைக் கொட்டி, இரண்டு அட்டைகளைப் பொறுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ரெண்டும் ஒரே வேலை செய்யுது. யாருமே கேக்கலியா?"

"ரெண்டு பேருமே நல்லாத்தான் பாத்தாங்க மேடம். தனித்தனியா."

ஐந்தாம் நாள் அவன் எழுந்து உட்கார்ந்து, இட்லிக்குச் சட்னியில் உப்பில்லை என்று குறை சொன்னான். பிழைத்துவிட்டான் என்று தெரிந்துபோயிற்று. கமலம் டாக்டரின் கடிதத்தோடு கம்பெனிக்குப் போனாள்.

"உப்புக் கொடவுன்ல நிக்கிறவனுக்கு உப்பு இல்லியா?" தன்சீல் சிரித்தார். "இத மொதலாளிகிட்ட காட்டுனா, நான்தான் குடிச்சிக்கிறேன்னு சொல்வாரு."

மாத்திரைப் பெயர்கள் இருந்த வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. டிராயரைத் திறந்து ஒரு அட்டையை எடுத்தார். அதன் அடியில் இன்னொன்று. இரண்டையும் கடிதத்தின் மேல் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார்.

"ரெண்டு வாரமா எனக்கும் தல சுத்துதும்மா. அந்த டாக்டரம்மா எத்தன மணி வரைக்கும் இருப்பாங்க?"

கமலம் குனிந்து அவர் வாயருகே மோந்து பார்த்தாள்.

"சொல்றேன் சார். மொதல்ல இவரு பேர சேத்து கையெழுத்து போடுங்க."

போட்டார்.

"அஞ்சு மணி வரைக்கும் சார். மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, ரெண்டு அட்டையையும் கையோட எட்த்துனு போங்க. மொதலாளிய மச்சான்னு கூப்புடறதுக்குள்ள போய்ச் சேருங்க."