வட்டமாய் வெட்டிய இலை

பெரியவள் தையல்காரி. துணி ஓரத்தைத் தடவியே அது கத்தரி வெட்டா, பிளேடு வெட்டா என்று சொல்லிவிடுவாள். அதனால்தான் கொல்லைச் செடியைப் பார்த்ததும் அவளுக்கு வயிறு எரிந்தது. இலை ஓரமெல்லாம் சட்டைக்குக் கழுத்து வெட்டினாற்போல் அரைவட்டம். பூச்சி கடித்தால் பிசிறு இருக்காதா?

பூசணி காய் பிடிக்காமல் பூத்துப் பூத்து உதிர்ந்ததால், தேனீ வரட்டும் என்று பாதையோரத்திலிருந்து வேரோடு கொண்டுவந்து நட்ட ஊதாப் பூச்செடி அது. கோடையில் காய்ந்து, பிறகு அதே வேரிலிருந்து தளிர்த்திருந்தது.

"தானா முளைக்கிற களைக்குப் பாத்தி கட்டுறீங்களா? நல்ல கூத்துக்கா!" என்று அன்று சிரித்தவள் ஓரகத்தி சின்னவள். ஒரே அறையில் எதிர் மெஷினில் தைப்பவள். கத்தரியும் கையுமாக இருப்பவள். வேறு யார்?

சந்தேகம் புகுந்த வீட்டில் சோறும் ருசிக்காது. சின்னவள் கொல்லைப் பக்கம் எழுந்தால் பெரியவளின் மெஷின் நின்றுவிடும்.

"என்னக்கா, என்னையே பாக்குறீங்க? மூக்குல நூல் ஒட்டியிருக்கா?"

"உன் வெட்டு சுத்தம். அதைத்தான் பாக்குறேன்."

கணவனிடம் சொல்லியும் விட்டாள்: "உங்க தம்பி பொண்டாட்டி மெஷினைத் தூக்கிக்கிட்டுத் தனியாப் போகட்டும்."

"கண்ணால பாத்தியா?"

"நாளைக்குப் பாத்துட்டே வந்து சொல்றேன்."

மறுநாள் கதவிடுக்கில் ஒளிந்து நின்றாள். சின்னவள் வந்தாள். கையில் கத்தரி இல்லை, சொம்பு. குனிந்து வேரில் தண்ணீர் ஊற்றினாள். அப்போது ஒரு குட்டித் தேனீ இலை ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு சுற்றுச் சுற்றி, வெட்டிய துண்டைச் சுருட்டி வயிற்றோடு அணைத்துப் பறந்தது.

"அடி ஆத்தாடி!" பெரியவள் வெளியே வந்துவிட்டாள்.

"இதுவா? தினம் வருதுக்கா. கூட்டுக்கு இலையில உறை தைக்குது. நம்ம தொழில்காரி!"

"நீ தினமுமா தண்ணி ஊத்துற?"

"வெயில்ல செத்துச்சுன்னு நீங்க விட்டுட்டீங்க. அடியில பச்சை இருந்துச்சு. ஆசையா வெச்சீங்களேன்னு ஊத்தினேன். ஆனா களை களைதான், ஆமா!"

பெரியவள் சொம்பை வாங்கி மிச்சத் தண்ணீரை வேரில் ஊற்றினாள். கடவுளே, நேற்று அவரிடம் சொன்னதை இவளிடமே சொல்லியிருந்தால்?

மாலையில் கணவன் கேட்டான், "மெஷினை எப்போ நகர்த்தணும்?"

"இப்பவே. ஜன்னலோரம் போடுங்க. அவளுக்கு வெளிச்சம் பத்தலை."