பெட்டி இருக்கும் இடம்

பிரகாஷ் மேசைமேல் விரித்த படத்தில் இறால் கம்பெனியின் புது நெட்வொர்க் முழுவதும் இருந்தது. அனுப்பம்பட்டு ஆபீசில் சர்வர். ஏரிக்கரையிலும் தீவிலுமாக ஆறு ஷெட். எல்லாவற்றுக்கும் ஒரே டொமைன், ஒரே நீள வரிசையில் ஐபி எண்கள். தராசு, கம்ப்யூட்டர், ஐஸ் ரூமில் அம்மோனியா வாயு கசிந்தால் சொல்லும் பெட்டி என்று ஒவ்வொன்றுக்கும் கையால் போட்ட மாறாத எண். எண்ணுக்குப் பக்கத்தில் ஷெட்டின் பெயர்; அலாரம் அடித்தால் ஆபீஸ் திரையில் அந்தப் பெயர்தான் வரும்.

பழைய படத்தில் இரண்டு ஷெட். இதில் ஆறு. வேறு மாற்றம் இல்லை.

"இத்த நான் போட மாட்டேன் சார்," என்றான் நெட்வொர்க் வேலை பார்க்கும் ஜோஷ்வா.

மேனேஜர் பிரகாஷ் பேனாவை மூடினார். "இன்னாப்பா, திரும்ப ஆரம்பிக்கிறியா? மேல ஓகே பண்ணிட்டாங்க."

"போன வருசமே சொன்னேன். நம்பர் எடத்துக்குப் போடணும். பெட்டிக்கு இல்ல. கரைக்கு ஒரு வரிசை, தீவுக்கு ஒரு வரிசை. எந்தப் பெட்டிய எங்க சொருவினாலும் அந்த எடத்து நம்பர அதுவே வாங்கிக்கணும்."

"பெட்டி இன்னா, கால் மொளச்சு நடக்குதா?"

நடக்காது. படகில் போகும். ஏரியில் யார் எந்த நீரில் வலை போடுவது என்பது முறை வைத்து மாறும். அதுதான் பாடு. பாடு மாறினால் அந்த ஊர்ப் படகுகள் வேறு ஷெட்டில் ஒதுங்கும். எடை போடும் பெண்களும் கூடவே போவார்கள், தங்கள் தராசோடு. அடுத்த ஊர்த் தராசை யாரும் நம்புவதில்லை. தராசோடு கம்ப்யூட்டர், அதோடு பெட்டி. பிரகாஷுக்கும் இது தெரியும்.

போன வருடம் ஜெஸ்ஸி அப்படித்தான் தீவு ஷெட்டிலிருந்து ஆரம்பாக்கம் கரை ஷெட்டுக்குப் போனாள். ஐஸ் ரூமில் தனியாக இருந்தபோது அம்மோனியா கசிந்தது. மயங்கி விழுந்தாள். பெட்டி தன் வேலையைச் செய்தது. ஆபீஸ் திரையில் 'தீவு' என்று சிவப்பு எரிந்தது. தீவுக்குப் போன் போட்டார்கள், யாரும் எடுக்கவில்லை. படகு அனுப்பினார்கள். போனவன் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்தான். பொய் அலாரம் என்று அணைத்தார்கள்.

கரை ஷெட்டுக்கு ரோடு இருக்கிறது. பைக்கில் போயிருந்தால் பிழைத்திருப்பாள்.

ஜெஸ்ஸி ஜோஷ்வாவின் மனைவி. இருவரும் சேர்ந்து ஒரே ஒரு கிறிஸ்துமஸ் கொண்டாடியிருந்தார்கள்.

"பெட்டிய யாரும் தூக்கக் கூடாதுன்னு ஷெட்டுக்கு ஷெட்டு நோட்டீஸ் ஒட்டியாச்சு," என்றார் பிரகாஷ். "அதுக்கு மேல இன்னா பண்றது? சீசன்ல ஷெட்ட மூட முடியுமா?"

ஜோஷ்வா போனை ஸ்பீக்கரில் போட்டான். ஜெஸ்ஸியின் வேலையில் இப்போது கஸ்தூரி.

"எங்க கீற கஸ்தூரி?"

"கரை ஷெட்டாண்ட, அண்ணா. காலையிலதான் பாடு மாறிச்சு."

"பெட்டி?"

"கூடத்தான் கீது. அடுத்த ஊர்க்காரனுக்கு வுட்டுட்டு வர்றதுக்கு அவன் இன்னா எனுக்குத் தாலி கட்டினவனா?" பின்னால் பெண்கள் சிரித்தார்கள்.

"நோட்டீஸ் பாக்கல?"

"பாத்தோம். அதையும் கழட்டி எடுத்தாந்துட்டோம். எங்க ஷெட்டு நோட்டீஸாச்சே."

"டெஸ்ட் பட்டன அமுக்கு."

திரையில் சிவப்பு எரிந்தது. தீவு.

பிரகாஷ் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "இவங்கள எவன் தூக்கினு போகச் சொன்னான்?" என்றார்.

ஜோஷ்வா போனை வாயருகே கொண்டுபோனான். குரல் உயரவில்லை. "கஸ்தூரி, எல்லாரையும் வெளிய கூட்டினு போ. நான் வர்ற வரைக்கும் ஐஸ் ரூமுக்குள்ள ஒருத்தரும் போகக் கூடாது."

"இறால் கெட்டுடும் அண்ணா."

"கெடட்டும்."

"வேல போயிடும் ஜோஷ்வா," என்றார் பிரகாஷ்.

"போவட்டும் சார். நீங்க திரைய வுட்டு எழுந்துக்காதீங்க."

அலமாரியிலிருந்து ஒரு ரவுட்டரை எடுத்துக்கொண்டு ஆரம்பாக்கத்துக்கு ரயிலேறினான்.

கரை ஷெட் வாசலில் பெண்கள் வெயிலில் நின்றிருந்தார்கள். உள்ளே கூடைகளில் ஐஸ் கரைந்து வாடை அடித்தது. ஜோஷ்வா பெட்டியின் பக்கத்தில் ரவுட்டரை மாட்டினான். கரைக்கென்று ஒரு எண் வரிசையை ரவுட்டரில் எழுதினான். டொமைனுக்குக் கீழே கரை என்று ஒரு கிளை. பெட்டிக்குக் கையால் போட்டிருந்த எண்ணை அழித்தான். பெட்டி தானே இந்த இடத்து எண்ணை வாங்கிக்கொண்டது.

கஸ்தூரி பட்டனை அமுக்கினாள். அவன் ஆபீசுக்குப் போன் போட்டான்.

"இன்னா வருது சார்?"

"சிவப்பு."

"எந்த ஷெட்டு?"

"கரை."

"கேக்கல."

"கரைப்பா. கரைன்னுதான் வருது."

"இன்னொரு தடவ சொல்லுங்க."

 பிரகாஷ் இன்னொரு தடவை சொன்னார்.

ஜோஷ்வா போனை வைத்துவிட்டு, தீவிலும் வரிசையை எழுத, அங்கே எந்தப் படகு போகிறது என்று கேட்டான்.